மபினியோட ஏழாம் கட்டளையும் மலோலோஸ் சண்டையும் - இது முரண்பாடா இல்லையா, பேசலாம் வாங்க

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாசமா ஒரே ஆள் பத்தி தான் படிச்சிட்டு இருக்கேன், மனசுல கேள்வி நிறைய சேந்து போச்சு, அதனால இங்க கொட்டிடலாம்னு வந்தேன். அபொலினாரியோ மபினி. பிலிப்பைன்ஸ்னு சொன்னா நம்மாளுங்களுக்கு ரிசால் ஞாபகம் வருவார், கொஞ்சம் ஆழமா போனவங்களுக்கு பொனிஃபாசியோ. மபினி பேரு அதிகம் அடிபடாது. ஆனா 1898ல ஸ்பெயின்காரன் போய் அமெரிக்காக்காரன் உள்ள வர்ற அந்த ஒன்றரை வருஷத்துல, நாடுன்னா அது எந்த நியாயத்து மேல நிக்கணும்னு உக்காந்து யோசிச்சு எழுதினவர் அவர் தான்.

சுருக்கமா சொல்லிடறேன். 1864 ஜூலை 23ல பதங்காஸ் மாகாணத்துல தனாவான் ஊர்ல பிறந்தார். அப்பா எழுதப்படிக்கத் தெரியாத குடியானவர், அம்மா சந்தையில விக்கிறவங்க. மணிலாவுல படிச்சு 1894ல சட்டம் முடிச்சார். 1896 ஆரம்பத்துல ரெண்டு காலும் விழுந்திடுச்சு, சாகுற வரைக்கும் எந்திரிச்சு நடக்கல. 1898 ஜூன்ல புரட்சித் தலைவர் அகினால்டோ கூப்பிட்டு அனுப்ப, லோஸ் பான்யோஸ்ல இருந்து காவிட் வரைக்கும் தூளி மாதிரி கட்டி ஆளுங்க மாத்தி மாத்தி தூக்கிட்டு வந்தாங்க.

அந்த வருஷம் அவர் வெளியிட்டது தான் 'உண்மையான பத்துக் கட்டளை'ங்கிற எழுத்து. அதுல ஏழாவது தான் என்னை உலுக்கினது. நீயும் உன் நாட்டு மக்களும் தேர்ந்தெடுக்காத எவனோட அதிகாரத்தையும் ஏத்துக்காதேங்கிறார். காரணம் என்ன சொல்றார்னா, அதிகாரம் கடவுள்கிட்ட இருந்து வருது, கடவுள் பேசுறது ஒவ்வொரு மனுஷனோட மனசாட்சியில, அதனால எல்லா மனசாட்சியும் சேர்ந்து கைகாட்டுற ஆளுக்கு மட்டும் தான் உண்மையான அதிகாரம். ராஜாவுக்கு கடவுள் கொடுத்த உரிமைன்னு ஐரோப்பாவுல எத்தனை நூற்றாண்டா சொன்னாங்களோ அதே வாக்கியத்தை எடுத்து தலைகீழா திருப்பி குடிமகன் கையில கொடுத்துட்டார்.

இப்ப என் கேள்வி. இவ்வளவு எழுதினவர் அதே வருஷம் செப்டம்பர்ல மலோலோஸ் ஊர்ல புரட்சி அரசோட காங்கிரஸ் சபை கூடினப்போ, இந்த சபை ஆலோசனை சொன்னா போதும், சட்டம் போடுற அதிகாரமோ அரசியலமைப்பு எழுதுற அதிகாரமோ இதுக்கு வேண்டாம்னு நின்னார். அகினால்டோ கையில தான் எல்லாம் இருக்கணும்னார். தன் ஏழாம் கட்டளையை தானே மீறிட்டாரா? எனக்கு இது ரொம்ப நாளா உறுத்துது.

தவோ டாக்டர்:

அண்ணா, மபினி பேரை தமிழ்ல பாத்ததுமே சந்தோஷமாயிடுச்சு. நான் பிலிப்பைன்ஸ்ல தவோ நகரத்துல மருத்துவம் படிச்சேன், அங்க நம்ம பசங்க நிறைய பேர். அஞ்சு வருஷமும் அவரை தினம் பாக்கெட்ல வெச்சிருந்தேன், 10 பெசோ காசுல இருக்கிறது அவர் முகம். பழைய காசுல பொனிஃபாசியோவும் அவரும் சேந்து இருப்பாங்க, 2017க்கு அப்புறம் வந்ததுல அவர் மட்டும். பொனிஃபாசியோவை 5 பெசோவுக்கு மாத்திட்டாங்க. ஜீப்னின்னு அங்க ஓடுற வண்டியில ஏறினா சில்லறைக்கு அதைத் தான் கொடுப்போம், ஆனா அவர் என்ன எழுதினார்னு அப்ப ஒரு வரி கூட தெரியாது.

ஒரு மருத்துவ விஷயம் மட்டும் சொல்றேன். அங்க அவரை தகிலாங் லும்போன்னு சொல்வாங்க, மாமனிதரான முடவர்னு அர்த்தம். அவருக்கு பால்வினை நோய், அதனால தான் கால் போச்சுன்னு ரொம்ப காலம் ஒரு அவதூறு சுத்திட்டு இருந்துச்சு. அவரு செத்து முக்கால் நூற்றாண்டு கழிச்சு, 1980ல எலும்பை தோண்டி எடுத்து பரிசோதிச்சாங்க, போலியோன்னு முடிவாச்சு. மனசாட்சி, மானம்னு எழுதினவரை தத்துவத்தால அடிக்க முடியாதப்போ உடம்பை வெச்சு அடிச்சிருக்காங்க, படிச்சப்போ ரொம்ப வலிச்சுது.

அந்த காலு தான் அவர் உயிரையும் காப்பாத்துச்சு. 1896 அக்டோபர்ல ஸ்பெயின்காரங்க பிடிச்சாங்க. அந்த டிசம்பர் 30ல ரிசாலையே சுட்டுட்டாங்க, ஆனா நடக்க முடியாத இவரை ஆஸ்பத்திரியில காவல் வெச்சு, 1897ல மன்னிப்புல விட்டுட்டாங்க.

நெல்லை வக்கீல்:

கரிசல் தம்பி, கேள்வி நல்ல கேள்வி, ஆனா காங்கிரஸ்னு பேர் இருக்கிறதால அது மக்கள் தேர்ந்தெடுத்த சபைன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. அங்க தான் கோளாறு. பராசோவாயின் தேவாலயத்துல 1898 செப்டம்பர் 15ல உக்காந்தவங்கள்ல நிறைய பேர் தேர்தல்ல வந்தவங்க கிடையாது, அகினால்டோ நியமிச்சவங்க. புரட்சி அரசு கை எட்டாத மாகாணங்களுக்கு மணிலாவுல இருந்த படிச்ச பணக்காரங்களை பிரதிநிதின்னு போட்டாங்க. அப்ப மபினியோட ஏழாம் கட்டளைப்படியே பாருங்க, இவங்களுக்கு எந்த மனசாட்சி கைகாட்டுச்சு?

அதோட அவர் அரசாங்கத்தை எப்படி புரிஞ்சுக்கிட்டார்னு பாக்கணும். சமூகத்தை ஒரு மனுஷ உடம்பா சொல்வார். அதுக்கு உயிர் அதிகாரம். அந்த உயிருக்கு அறிவு வேணும், அது சட்டம் போடுற சபை. செயல்படுற உறுதி வேணும், அது நிர்வாகம். தப்பைக் கண்டு தண்டிக்கிற மனசாட்சி வேணும், அது நீதிமன்றம். மூணும் தனித்தனியா நிக்கணும். இது அமைதிக்காலத்து ஏற்பாடு. வீடு பத்தி எரியும்போது குடும்பத்துல எல்லாரும் உக்காந்து ஓட்டு எடுத்துக்கிட்டு இருக்க முடியாது, ஒருத்தர் சொல்ல மத்தவங்க தண்ணி ஊத்தணும், அவ்வளவு தான் அவர் சொன்னது. காங்கிரஸ்ல இருந்த கால்தெரோன் எழுதின அரசியலமைப்புல சபைக்கு கீழ நிர்வாகம். போர் வாசல்ல நிக்கிறப்போ அது ஆகாதுன்னார்.

நான் முப்பது வருஷமா கோர்ட்டுக்கு போயிட்டு இருக்கேன், நெருக்கடின்னு சொல்லி அதிகாரத்தை ஒரே கையில குவிக்கிற வாதத்தை கேட்டா எனக்கு பயம் தான் வரும். அதனால மபினி சொன்னது எல்லாமே சரின்னு நான் சொல்லல. ஆனா அவர் பயந்தது எதுக்குன்னா, அந்த சபை வழியா பணக்காரங்க புரட்சியை வித்துடுவாங்கன்னு. அது நடந்துச்சா இல்லையான்னு பின்னாடி வருவோம்.

மீனா திருச்சி:

வக்கீல் சார், பாதி ஒத்துக்கறேன். மத்த பாதி சொல்றேன், கோச்சுக்காதீங்க.

காங்கிரஸ் பணக்காரங்க சபைன்னா, ஊர் ஆட்சிக்கு மபினி ஏற்பாடு பண்ண 1898 ஜூன் 18 ஆணையை பாருங்க. ஊர்த் தலைவரை தேர்ந்தெடுக்க யாரை கூப்பிடணும்? நல்ல நடத்தை, சமூக அந்தஸ்து, மரியாதை இதெல்லாம் உள்ள முக்கியமானவங்களை கூட்டணும்னு இருக்கு. அந்தஸ்துன்னு ஒரு வார்த்தை போட்டாச்சுன்னா நிலம் உள்ளவன் தானே உள்ள வருவான்? குத்தகைக்கு உழுதவன் எங்க போவான்? எல்லா மனசாட்சியும்னு பத்துக் கட்டளையில எழுதிட்டு, ஆணை எழுதும்போது சில மனசாட்சி மட்டும்னு ஆயிடுச்சு. கரிசல் சார் கேட்ட முரண்பாடு காங்கிரஸ்ல இல்ல, இங்க தான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொன்னு, புரட்சியை ஆரம்பிச்சது மபினி இல்ல. 1892ல காடிபுனான்னு ரகசிய புரட்சி இயக்கம் ஆரம்பிச்ச பொனிஃபாசியோ, அதுக்கு கொள்கை எழுதின ஹசிந்தோ இவங்க தான். தோல் கறுப்போ வெளுப்போ எல்லா மனுஷனும் சமம்னு தகாலோக்ல, கூலிக்காரனுக்கு புரியுற பாஷையில எழுதினது ஹசிந்தோ. மபினி எழுதினது ஸ்பானிஷ். அப்ப அவர் சீர்திருத்தக்காரங்க பக்கம், ஆயுதம் எடுக்கிறதுல நம்பிக்கை இல்லாதவர். 1897 மார்ச்ல புரட்சிக்காரங்க தலைவர்களை தேர்ந்தெடுத்த தெஹேரோஸ் கூட்டத்துல பொனிஃபாசியோவை உள்துறைக்கு தேர்ந்தெடுத்தப்போ, வக்கீலுக்கு படிச்சவன் வேணும்னு ஒருத்தன் எந்திரிச்சு சொன்னானே, அந்த வாக்கியம் தான் எனக்கு அந்த புரட்சியோட சாபமா தெரியுது. மே 10ல அவரையும் அவர் தம்பி ப்ரோகோபியோவையும் மலைக்கு கூட்டிட்டுப் போய் சுட்டாங்க, ஸ்பெயின்காரன் இல்ல, சொந்த ஆளுங்க.

கரிசல்காட்டான்:

மீனா மேடம், ஜூன் 18 ஆணை பத்தி நீங்க சொன்னது குத்துது, மறுக்க முடியல. நான் அந்த வரியை படிச்சிட்டு தாண்டிப் போயிருக்கேன், இப்ப திரும்பப் போய் பாத்தேன்.

ஆனா பொனிஃபாசியோ விஷயத்துல மபினி என்ன எழுதினார்னும் சொல்லணும். பின்னாடி அமெரிக்காக்காரங்க குவாம் தீவுக்கு நாடுகடத்தி வெச்சிருந்தப்போ புரட்சியோட கதையை எழுதினார்ல, அதுல அந்த கொலையை பூசி மெழுகவே இல்ல. அது குற்றம், உண்மையான நாட்டுப்பற்றை தனிமனுஷனோட பதவி ஆசை ஜெயிச்ச முதல் இடம் அதுதான்னு எழுதினார். பொனிஃபாசியோ தெஹேரோஸ்ல ஜெயிச்சவங்களை விட படிப்புல ஒன்னும் குறைஞ்சவர் இல்லைன்னும் சொல்றார். அகினால்டோ கீழ பிரதமரா இருந்தவர் இதை எழுதுறார். புரட்சி தோத்தது தலைமை சரியில்லாததால, தலைவன் தகுதியால இல்லாம தகாத செயலால பதவிக்கு வந்ததால, மக்களுக்கு உபயோகமான ஆளுங்களை பொறாமையால ஒழிச்சதாலன்னு முடிக்கிறார். 1899 ஜூன் 5ல கபனாத்துவான்ல புரட்சிப் படை ஜெனரல் லூனாவை வெட்டிக் கொன்னதையும் அதே கணக்குல தான் சேர்க்கிறார்.

இங்க தான் அவரோட உள்புரட்சிங்கிற கருத்து வருது, எனக்கு அவர்கிட்ட ரொம்ப முக்கியமா படுறது இதுதான். பத்துக் கட்டளைக்கு முன்னுரை மாதிரி எழுதினதுல சொல்றார், சமூகத்தை புதுசா கட்டணும்னா நம்ம அமைப்புகளை மட்டும் மாத்தினா பத்தாது, நம்ம இருக்கிற விதம் நினைக்கிற விதம் ரெண்டையும் அடியோட மாத்தணும், வெளிப்புரட்சியும் உள்புரட்சியும் ஒரே சமயத்துல நடக்கணும், ஸ்பெயின்காரன்கிட்ட இருந்து வந்து ஒட்டிக்கிட்ட கெட்ட பழக்கத்தை எல்லாம் கழட்டி எறியணும்னு. கொடி மாறிடும், நாற்காலி மாறிடும், ஆனா நாற்காலியில உக்காந்தவன் பழைய கவர்னர் மாதிரியே நடந்துக்கிட்டா என்ன பிரயோஜனம்? இதை அவர் 1898லயே எழுதிட்டார், நாலு வருஷம் கழிச்சு குவாம்ல உக்காந்து தன் சொந்த அரசாங்கத்துக்கே அதே அளவுகோலை வெச்சு அளக்கிறார். அளந்ததுல தலைவனையும் விடல.

யாழ் கவின்:

வணக்கம் அண்ணை. நான் கனகாலமா இஞ்ச வாசிக்கிறனான், எழுதுறது குறைவு. எனக்கு மபினியில பிடிச்சது மதம் பற்றி அவர் சொன்னது.

முதலாம் கட்டளை கடவுளையும் உன்ர மானத்தையும் எல்லாத்துக்கும் மேல நேசி எண்டு தொடங்குது. மற்றப் பக்கத்தால பாத்தால் இது தேவாலயக்காரர் மாதிரி இருக்கும். ஆனா இரண்டாவதுல, உன்ர மனச்சாட்சி எது சரி எண்டு சொல்லுதோ அந்த விதத்தில கும்பிடு எண்டுறார். ஸ்பெயின் ஆட்சியில ஊருக்குள்ள அரசாங்கம் எண்டாலே பாதிரிமார் தான், காணியும் அவையிட கையில, ஆர் நல்லவன் ஆர் கெட்டவன் எண்டு சொல்லுறதும் அவை. 1872ல மூண்டு பிலிப்பினோ பாதிரிமாரை கழுத்தை நெரிச்சுக் கொன்றது அந்த ஆட்சி. அப்பிடி இருந்த சனத்துக்கு, கடவுளுக்கும் உனக்கும் நடுவில ஒருத்தரும் தேவையில்லை எண்டு சொல்லுறது எவ்வளவு பெரிய விசயம்.

ஆனா அவர் கடவுளை விட்டுட்டு வரேல்லை. குவாம்ல எழுதின புத்தகத்தை தன்ர தாய்க்கு சமர்ப்பிச்சிருக்கிறார். தாய்க்கு மகன் பாதிரியாராக வேணும் எண்டு ஆசை. காசில்லாமல் வெயில் மழை பாக்காமல் உழைச்சு படிப்பிச்சவ. அவர் எழுதுறார், கடவுளிட உண்மையான ஊழியன் அங்கி போட்டவன் இல்லை, எத்தினை பேருக்கு நல்லது செய்ய ஏலுமோ அத்தினை பேருக்குச் செய்து அவற்ற மகிமையைச் சொல்லுறவன் தான் எண்டு. அதை வாசிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்திட்டன். தாயிட ஆசையை தான் மீறேல்லை எண்டு அவவிட்டச் சொல்லுற மாதிரி இருந்தது, அவ அப்ப உயிரோட இல்லை.

நெல்லை வக்கீல்:

கவின் தம்பி, அடிக்கடி எழுதுங்க.

மதம் பத்தி இன்னொன்னு சேர்த்துக்கறேன். மலோலோஸ்ல மதமும் அரசும் தனித்தனின்னு பிரிவு 5 ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல தான் பாஸாச்சு. மபினி கொள்கையளவுல அதுக்கு ஆதரவு தான். ஆனா போர் வர்ற நேரத்துல பக்தியுள்ள சனமும் பிலிப்பினோ பாதிரிமாரும் புரட்சியை விட்டு விலகிடக் கூடாதுன்னு, அந்த பிரிவை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார், அப்படியே பிரிவு 100ல அது போச்சு. பிலிப்பினோ பாதிரிமார் சேர்ந்து சொந்த தேசியத் திருச்சபையா அமையணும்னும் சொன்னார், 1902ல அக்லிபாய்ங்கிற பாதிரியார் தலைமையில சுதந்திரத் திருச்சபைன்னு ஒன்னு வரவே செஞ்சுது.

துறவற சபைங்க வெச்சிருந்த பண்ணை நிலம் எல்லாம் 1898 மே 24ல இருந்தே பிலிப்பைன்ஸ் அரசுக்கு திரும்பிட்டதா அரசியலமைப்போட கூடுதல் பிரிவு சொல்லுது. காகிதத்தோட சரி. அமெரிக்காக்காரன் வந்து அந்த நிலத்தை 70 லட்சம் டாலருக்கு மேல காசு கொடுத்து சபைங்ககிட்ட வாங்கினான்.

புத்தகப்புழு:

இந்த இழையை காலையில இருந்து படிக்கிறேன். எல்லாரும் மபினியை பாராட்டுறீங்க, நான் ஒரு ஆட்சேபம் வெக்கறேன், கரிசல்காட்டான் பதில் சொல்லணும்.

உள்புரட்சின்னு சொல்றீங்களே, அதை கேக்கும்போது எனக்கு ஆதிக்கக்காரன் குரல் தான் கேக்குது. நீங்க இன்னும் பக்குவப்படல, முதல்ல திருந்துங்க, அப்புறம் சுதந்திரம் பாக்கலாம்னு தானே எல்லா வெள்ளைக்காரனும் சொன்னான்? 1898 டிசம்பர்ல அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி என்ன அறிவிச்சார்? அன்போட அரவணைக்கிறோம்னு. அந்த மாசம் 10ஆம் தேதி தான் பாரிஸ்ல 2 கோடி டாலருக்கு ஒரு நாட்டை ஸ்பெயின்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டாங்க, விக்கிறவனுக்கும் சொந்தம் இல்ல, வாங்குறவனுக்கும் சொந்தம் இல்ல. மபினியும் மக்களோட குணம் மாறணும்னு சொன்னா, அமெரிக்காக்காரன் சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மக்களை குறை சொல்ற தத்துவம் எதுவா இருந்தாலும் எனக்கு சந்தேகம் தான்.

கரிசல்காட்டான்:

அண்ணே, இந்த கேள்வி வரும்னு எதிர்பார்த்தேன், ராத்திரி பூரா இதையே தான் யோசிச்சேன், கொஞ்சம் நீளமா தான் எழுதப் போறேன்.

வித்தியாசம் வரிசையில இருக்கு. ஆதிக்கக்காரன் சொல்றது முதல்ல பக்குவம், பிறகு சுதந்திரம், பக்குவம் வந்திடுச்சான்னு சொல்ற தராசு அவன் கையில. மபினி சொல்றது சுதந்திரம் இல்லாம பக்குவமே வராதுன்னு. குவாம்ல எழுதினதுல பரிணாமம், புரட்சின்னு ரெண்டு வார்த்தையை பிரிச்சு விளக்குவார். ஒரு மக்கள் கூட்டம் செடி மாதிரி வளர்ந்துக்கிட்டே இருக்கணும், அது இயற்கை. அரசாங்கம் அந்த வளர்ச்சிக்கு வழி விட்டா அது பாட்டுக்கு பரிணாமம் நடக்கும், யாரும் ஆயுதம் எடுக்க வேண்டியதில்ல. அரசாங்கமே குறுக்க நின்னு வளர விடாம அமுக்கினா அந்த மக்கள் முடங்கிப் போயிடுவாங்க, எந்த உயிரும் எதிர்க்காம செத்துப் போக சம்மதிக்காது, அதனால குறுக்க நிக்கிற அரசாங்கத்தை தள்ளி விடறது அவங்களுக்கு இயற்கையான உரிமை. முடங்கிப் போறதுன்னா என்னன்னு அவர் உடம்புக்கே தெரியும், அந்த வார்த்தையை அவர் சும்மா எழுதியிருக்க மாட்டார்.

அதாவது ரிசால், டெல் பிலார் இவங்க கேட்ட சீர்திருத்தத்தை ஸ்பெயின் கொடுத்திருந்தா 1896 வந்திருக்காது, ஸ்பெயின் தான் புரட்சியை உண்டாக்குச்சுன்னு வாதம். மக்களை குறை சொல்ற வாதம் இல்ல அண்ணே.

அப்புறம் உள்புரட்சி யாருக்கு சொன்னார்? சந்தையில கூடை தூக்குறவனுக்கு மட்டும் சொல்லல, அதிகாரத்துக்கு வர்றவனுக்குத் தான் முதல்ல சொன்னார். ஐந்தாம் கட்டளை நாட்டை பகுத்தறிவு, நீதி, உழைப்பு மூணும் ஆளுற இடமாக்கச் சொல்லுது. எட்டாம் கட்டளை குடியரசு தான் வேணும், மன்னராட்சி வேண்டவே வேண்டாம், அது ஒரு குடும்பத்தையோ சில குடும்பத்தையோ தூக்கி வெச்சு பரம்பரை உண்டாக்கிடும்னு சொல்லுது. சில குடும்பம்ங்கிற வார்த்தையை பாருங்க. பிலிப்பைன்ஸ் அரசியல்ல இன்னைக்கும் ஒவ்வொரு மாகாணத்துலயும் எந்தக் குடும்பம் ஆளுதுன்னு தான் பேச்சு.

அமெரிக்கா பாதுகாப்புன்னு வந்தப்போ அவர் என்ன பண்ணார்னும் பாருங்க. 1898 ஜூன் 12ல அகினால்டோ வாசிக்க வெச்ச சுதந்திரப் பிரகடனத்துல வல்லமையும் மனிதநேயமும் உள்ள வட அமெரிக்க நாட்டின் பாதுகாப்புலன்னு ஒரு வரி. தூளியில வந்து இறங்கின அன்னிக்கே மபினி அதை ஆட்சேபிச்சார். அவசரப்பட்டீங்க, மக்களோட ஒப்புதல் இல்லாம ஒரு ராணுவத் தலைவர் அறிவிச்சா எந்த நாடு மதிக்கும்னார். அப்புறம் ஊர் ஊரா ஆட்சி அமைச்சு, ஆகஸ்ட் 1ல பாகோர்ல ஊர்த் தலைவர்களை கூட்டி உறுதிப்படுத்த வெச்சார். மீனா மேடம் சொன்ன மாதிரி அந்தத் தலைவர்கள் அந்தஸ்துள்ளவங்க தான், ஒத்துக்கறேன். இருந்தாலும் அந்நியன் தயவுல இல்லாம சொந்த சனத்தோட சம்மதத்து மேல நிறுத்தணும்னு நினைச்சிருக்கார்ல.

தவோ டாக்டர்:

குடும்பம் ஆளுற விஷயம் பத்தி சொன்னீங்களே அண்ணா, எலெக்‌ஷன் சமயத்துல தெரு முழுக்க பேனர், பாதி பேர் கடைசியில ஒரே குடும்பப் பேரு. என் கூட படிச்ச பிலிப்பினோ பையன் காட்டி சிரிச்சான், அப்ப எனக்கு மபினியோட எட்டாவது கட்டளை தெரிஞ்சிருந்தா அவன்கிட்ட கேட்டிருப்பேன்.

சம்பந்தம் இருக்கான்னு தெரியல, ஒரு சின்ன தகவல். 1762ல இங்கிலீஷ்காரன் மணிலாவை பிடிச்சானே, அந்தப் படை கிளம்பினது நம்ம மதராஸ்ல இருந்து தான், கூட சிப்பாய்ங்களையும் கூட்டிட்டுப் போனான். அதுல சில பேர் திரும்பாம கைந்தாங்கிற ஊர்லயே தங்கிட்டாங்க. அங்க போனப்போ ஒரு தாத்தா என் முகத்தைப் பாத்துட்டு நம்ம ஊர்லயும் இந்த மாதிரி ஆளுங்க உண்டுன்னார். எனக்கு புல்லரிச்சிடுச்சு.

மீனா திருச்சி:

டாக்டர் தம்பி, அருமை.

புத்தகப்புழு சார் ஆட்சேபத்துக்கு கரிசல் சார் சொன்ன பதில் எனக்கு பிடிச்சது. என் பக்கத்துல இருந்து ஒன்னு. மபினி தன் நாட்டோட நிறுத்திக்கல. பிலிப்பைன்ஸ் புரட்சியோட உண்மையான நோக்கம் என்னன்னு எழுதினப்போ, இருட்டுல கிடக்கிற மலாய் இனம் முழுசுக்கும் வழி தெரியுற மாதிரி ஓசியானியாவுல சுதந்திரத் தீயை அணையாம வெச்சிருக்கிறது தான்னு எழுதினார். அக்கம்பக்கத்துல எல்லாம் டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன் உக்காந்திருக்கான், இந்த நெருப்பு பரவிடும்னு தான் அவனுங்களுக்கும் பயம்னு அவருக்கு புரிஞ்சிருந்தது. பத்தாம் கட்டளையில நாட்டுக்கு நாடு எல்லை இருக்கிற வரைக்கும் உன் நாட்டான் பக்கத்துல நில்லுன்னு சொல்லும்போதே, அந்த எல்லையை வளர்த்து வெச்சது இனம், குடும்பம்ங்கிற சுயநலம்னும் சொல்லிடறார். தேசியவாதின்னு சொல்லி ஒரு பெட்டியில போட முடியாத ஆளு.

நான் இன்னும் பொனிஃபாசியோ பக்கம் தான். அது மாறாது.

நெல்லை வக்கீல்:

சரி, நான் பின்னாடி வருவோம்னு சொன்னதுக்கு வந்துடறேன், சபை வழியா பணக்காரங்க வித்துடுவாங்கன்னு அவர் பயந்தது.

1899 ஜனவரி 2ல மபினி பிரதமராகவும் வெளியுறவு அமைச்சராகவும் ஆனார். ஜனவரி 23ல குடியரசு. பிப்ரவரி 4ல அமெரிக்காவோட சண்டை மூண்டாச்சு. அமெரிக்கா ஷுர்மன்னு ஒருத்தர் தலைமையில ஒரு குழு அனுப்பி தங்க ஆட்சிக்கு கீழ தன்னாட்சி தர்றோம்னு பேசுச்சு. மபினி முதல்ல போர்நிறுத்தம், மக்களைக் கேட்டு முடிவு சொல்றோம்னார். அது கிடைக்கல. மே மாசம் காங்கிரஸ்ல பத்தெர்னோ, புவென்காமினோ கூட்டம் தன்னாட்சியே போதும்னு திரும்புச்சு. மே 7ல மபினி வெளிய, பத்தெர்னோ உள்ள. அடுத்த வருஷ டிசம்பர்ல ஃபெடரல் கட்சின்னு அமெரிக்காவோட சேரணும்னு ஆரம்பிச்சாங்க, அந்த ரெண்டு பேரும் அதுல போய் உக்காந்தாங்க. முன்னாடி வெளியுறவுத்துறையை வேண்டாம்னு ஒதுங்கின அரெய்யானோ, 1901ல அமெரிக்க ஆட்சியில தலைமை நீதிபதி.

ஆக அவர் ஆளுங்களை சரியா எடை போட்டிருந்தார். ஆனா அதுக்கு மருந்தா அவர் கொடுத்தது அகினால்டோங்கிற ஒரே ஆளை, அந்த ஆளும் பொறாமையில கெடுத்துட்டார்னு அவரே பிறகு எழுத வேண்டி வந்துச்சு. ரெண்டு பக்கமும் நம்பக்கூடியவன் இல்லைன்னா வக்கீலா எனக்கும் அந்த வழக்குல வழி தெரியல. ஊர்ச் சபைகளை கீழ இருந்து அகலமா கட்டியிருந்தா, மீனா மேடம் கேட்ட குத்தகைக்காரனும் உள்ள வந்திருந்தா ஒரு வழி இருந்திருக்கும். அதுக்கு அவருக்கு கிடைச்சது 11 மாசம் கூட இல்ல.

புத்தகப்புழு:

கரிசல்காட்டான் பதிலை ஏத்துக்கறேன், வரிசை தான் வித்தியாசம்ங்கிறது சரியான பிடி. ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. கடைசியில அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துட்டார்ல? புரட்சி ஜெனரல் ரிகார்த்தே கடைசி வரைக்கும் எடுக்கலையே. மனசாட்சி பத்தி இவ்வளவு எழுதினவர்?

கரிசல்காட்டான்:

ஆமா அண்ணே, எடுத்தார். நடந்ததை மட்டும் சொல்லிடறேன், நீங்களே பாருங்க.

1899 டிசம்பர் 10ல குயாப்போ ஊர்ல அமெரிக்காக்காரங்க பிடிச்சாங்க, பாரிஸ் ஒப்பந்தம் போட்டு சரியா ஒரு வருஷம். 1900ல விட்டப்புறம் வாயை மூடல, பத்திரிகையில எழுதினார். 1901 ஜனவரியில குவாமுக்கு கப்பல் ஏத்திட்டாங்க, அசான்ல சிறை. மார்ச்ல அகினால்டோ பிடிபட்டு, அடுத்த மாசமே பிரமாணமும் எடுத்துட்டார். 1902 ஜூலை 4ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மன்னிப்பு அறிவிச்சார், பிரமாணம் எடுத்தா ஊருக்குப் போகலாம். கூட இருந்தவங்க எடுத்துட்டுப் போனாங்க. மபினியும் ரிகார்த்தேவும் மறுத்துட்டாங்க. நடக்க முடியாதவர், நோயாளி, இன்னும் பல மாசம் அங்கயே கிடந்தார். 1903 பிப்ரவரி 26ல ரெண்டு பேரையும் மணிலா துறைமுகத்துக்கு கொண்டு வந்தாங்க. ரிகார்த்தே மறுத்தார், ஹாங்காங் அனுப்பிட்டாங்க. மபினி எடுத்துட்டு இறங்கினார். கொஞ்சம் ஓய்வு எடுத்து, படிச்சு, அப்புறம் ஏதாவது ஒரு வகையில உபயோகமா இருக்க பாக்கறேன், சாகறதுக்காக மட்டுமே திரும்பி வந்திருந்தா வேற விஷயம்னு சொன்னார்.

மே 13ல காலராவுல செத்துப் போனார். ஊர் திரும்பி 76 நாள். வயசு 38.

போர் முடிஞ்சு போச்சு, கேக்க சனம் இல்ல, தூரத்து தீவுல செத்தா யாருக்கு லாபம்னு அவர் மனசாட்சி சொல்லியிருக்கலாம். எனக்கு இதுல கோபமே வரல, வருத்தம் தான்.

மீனா திருச்சி:

எனக்கும் வரல. ரிகார்த்தேவை மதிக்கறேன், இவரையும் மதிக்கறேன். தன் மண்ணுல சாகணும்னு நினைக்கிறது துரோகம் இல்ல. வெளியே இருந்து கேள்வி கேக்கறவங்களுக்கு இல்ல, அந்தத் துறைமுகத்துல தூக்குறவன் கைய நம்பி கிடந்தவருக்கு தான் அந்த முடிவு.

கரிசல் சார், பத்துக் கட்டளையையும் நீங்க முழுசா தமிழ்ல போட்டா நல்லா இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம், படிச்சா புரியற மாதிரி.

தவோ டாக்டர்:

போடுங்க அண்ணா, நானும் கேக்கறேன்.

மணிலாவுல சாந்தா மெசாவுல ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள அவர் வாழ்ந்த வீட்டை கொண்டு வந்து வெச்சிருக்காங்க. நீப்பா ஓலை வேய்ஞ்ச வீடு, நம்ம ஊர் பனையோலை வீடு மாதிரியே தான். ஊருக்கு திரும்பறதுக்கு முன்னாடி நாள் போனேன். நாட்டோட பிரதமரா இருந்த ஆளு வீடுன்னு சொன்னா நம்ப முடியாது, அவ்வளவு சின்னது. பக்கத்துல காலேஜ் பசங்க பிராக்டிஸுக்கு டிரம் அடிச்சிட்டு இருந்தாங்க. நான் அந்த 10 பெசோ காசை எடுத்து முகத்தை ஒப்பிட்டுப் பாத்துட்டு நின்னேன்.

கரிசல்காட்டான்:

ஞாயித்துக்கிழமைக்குள்ள போடறேன் மேடம். ஏழாவதுல இருந்து ஆரம்பிக்கறேன், மனசாட்சிங்கிற வார்த்தைக்கு கவின் தம்பி ஏதாவது நல்ல பழைய சொல் வெச்சிருந்தா சொல்லட்டும்.